விதானையார் நின்ற இடங்கள்

புஸ்பத்தின் வயலுக்கு நேரே வந்ததும் வினாயகமூர்த்தி விதானையாரின் வலது கால் "இனி நான் வரமாட்டன்" என்பது போல நின்றுவிட்டது. கால் நின்றால் ஆளும் நிற்கத்தானே வேண்டும். வரம்பில் அப்படியே நின்றார்.

கெண்டைக்காலைப் போட்டுப் பிழிந்தது. குனிந்து தடவினால் சுகமாக இருக்கும். ஆனால் தடவ முடியாது. பின்னால் நல்லரத்தினம் வந்துகொண்டிருந்தார்.

"என்ன விதானையார், நிண்டிட்டீங்க?" களை பிடுங்கிக்கொண்டிருந்த புஸ்பம் நிமிர்ந்து கேட்டாள்.

உடனே ஒரு காரணம் வேண்டும். காலடியில், வரம்பை வெட்டி வைத்த வக்கடையால் தண்ணீர் அவளுடைய வயலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"உன்ட வக்கடையத்தான் பாக்கிறன். தண்ணி போறதுக்கு வெட்டின வெட்டா இது? எருமை இறங்கிற துறை மாதிரிக் கிடக்கு. பாதித் தண்ணி வீணாப் போகுது!"

"நேத்து நல்லாருக்கு எண்டு சொன்னீங்களே?"

"நேத்து நேத்துத்தான். இண்டைக்கு இண்டைக்குத்தான்."

அவர் ஏசி முடிக்கவும் வலி விட்டுப் போகவும் சரியாக இருந்தது. அதுதான் அந்த வலியின் குணம். நடந்தால் வரும். நின்றால் போகும். மறுபடி நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி வரும். விதானையார் சாரத்தை உயர்த்திக் கட்டிக்கொண்டு மிடுக்காக நடந்தார். புஸ்பம் மண்வெட்டியை எடுத்தபடி வாய்க்குள் என்னவோ சொன்னாள். நல்ல வார்த்தையாக இருக்க நியாயமில்லை.

வட்டை விதானை என்பது லேசான காரியம் இல்லை. ஒரு குளத்துத் தண்ணீரில் விளையும் வயல்வெளி முழுவதும் ஒரு வட்டை. யாருக்கு எப்போது தண்ணீர், யாருடைய வேலி சரியில்லை, யாருடைய மாடு யாருடைய வேளாண்மையைத் தின்றது, எல்லாவற்றுக்கும் விதானையார் சொல்வதுதான் முடிவு. வினாயகமூர்த்திக்கு அந்தப் பதவியை விட்டால் சொந்தமென்று ஒன்றும் கிடையாது. இருக்கும் வீடு மனைவி சின்னத்தங்கத்தின் சீதனம். செய்யும் வயல் சின்னத்தங்கத்தின் சீதனம். கிணறு அவளுடையது, கிணற்றடித் தென்னையும் அவளுடையது. அந்தப் பக்கத்து வழக்கமே அப்படித்தான். ஆண்பிள்ளை கட்டின இடத்தில் போய் இருப்பான், அவனுக்கென்று ஊர் கொடுப்பது ஒரு பெயர் மட்டும். இவருக்கு ஊர் கொடுத்தது 'விதானையார்'. அது போனால் இவர் வெறும் சின்னத்தங்கத்தின் புருசன்.

முன்பெல்லாம் சைக்கிளில்தான் வட்டையைச் சுற்றுவார். அவர் இருக்கும் குருக்கள்மடத்தில் தோணியில் சைக்கிளையும் ஏற்றி, வாவியைக் கடந்து படுவான்கரையில் இறங்கினால், பிறகு மிதிப்பதுதான் வேலை. சண்டை திரும்பவும் தொடங்கிய பிறகு துறையடியில் ஆமிக்காரர் சோதிக்கும் சென்றியில் சைக்கிளை ஏற்ற விடுவதில்லை. ஆள் போகலாம், சோற்றுப் பார்சல் போகலாம், சைக்கிள் போகக்கூடாது. ஏனென்று கேட்கிற அளவுக்கு விதானையார் விபரமில்லாதவர் அல்ல. நடந்தார். நடந்தபோதுதான் காலுக்குள் இப்படி ஒரு வில்லங்கம் குடியிருப்பது தெரிந்தது.

அது நல்லரத்தினத்தின் மூக்குக்கும் எட்டிவிட்டது போலிருந்தது. போகம் தொடங்கும்போதே தேத்தண்ணிக் கடையில் வைத்து அவர் சொல்லிவிட்டார்: "வட்டையை நடந்து பாக்க ஏலாத ஆளுக்கு என்னத்துக்கு விதானை வேலை? கால் உள்ளவன்தான் விதானையா இருக்கோணும். அடுத்த தெரிவுக் கூட்டத்தில அந்த வேலையை நான் கேக்கப் போறன்."

அன்றிலிருந்து காலையில் விதானையார் வட்டைக்குள் இறங்கினால், கூப்பிடு தூரத்தில் நல்லரத்தினமும் வருவார். அவருடைய வயல் வட்டையின் கடைசியில் இருந்தது. அதே வரம்பால் வர நியாயம் உண்டு. ஆனால் இவர் நடந்தால் அவர் நடப்பதும், இவர் நின்றால் அவர் நிற்பதும் எந்த நியாயம்? முந்திப் போகவும் மாட்டார். நின்ற இடத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"வேவு பாக்கிறான்," என்றார் விதானையார் வீட்டுக்கு வந்து. "நான் எங்க விழுவன் எண்டு பாத்துக்கொண்டு வாறான்."

"நீங்க என்னத்துக்கு விழுறீங்க?" என்று சின்னத்தங்கம் கேட்டாள்.

"சும்மா ஒரு கதைக்குச் சொன்னன்," என்று ஒரு சுருட்டைப் பற்றவைத்தார். வலியை மறக்க அவர் கண்ட மருந்து அது. நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒன்று.

இப்படியே காலையில் கால் நிற்பதும் புஸ்பத்துக்கு ஏச்சு விழுவதும் வழக்கமாயிற்று. வக்கடையைக் கட்டினாள், வாய்க்காலில் புல் என்றார். புல்லை வெட்டினாள், வரம்பு ஒல்லி என்றார். வரம்பைக் கொழுக்க வைத்தாள்; அணைத்த மண் சரியில்லை என்றார். கடைசியில் அவள் துறையடியில் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "வட்டையில இத்தனை வயல் கிடக்க, அந்த மனுசனுக்கு என்ட வயல்தான் கண்ணுக்குள்ள குத்துது. கூட்டம் வரட்டும். எழும்பிக் கேக்காம விடமாட்டன்!"

விதானையார் பயந்துபோனார். அடுத்த நாள் மறு முனையிலிருந்து வட்டைக்குள் இறங்கினார். கால் புஸ்பத்தை விட்டுவிட்டு, கதிர்காமத்தம்பியின் மதகடியில் நின்றது. கதிர்காமத்தம்பி சாதாரண ஆள் இல்லை. வட்டையில் பாதிப்பேர் அவருடைய குடிவழிச் சொந்தம். அவர் கைகாட்டுகிற பக்கம் பாதிக் கூட்டம் கை உயர்த்தும். அவரையே மதகுப் பலகை உக்கியிருக்கிறது என்று ஏச வேண்டியதாயிற்று.

"எனக்கா சொல்லுறீங்க?" என்று அவர் ஒரு தரம்தான் கேட்டார். அதுவே போதுமாக இருந்தது.

இனி யாருடைய வயலடியிலும் நிற்பதில்லை என்று முடிவெடுத்து, குளக்கட்டால் நடந்தார் விதானையார். அங்கே வயலும் இல்லை, வயற்காரரும் இல்லை. ஒரு மருத மரம் மட்டும் நின்றது. கால் அந்த மரத்தடியில் நின்றது. பின்னால் நல்லரத்தினமும் நின்றார். மரத்தை என்ன சொல்லி ஏசுவது? வேறு வழியில்லாமல் கையைக் கூப்பிக் கண்ணை மூடினார். வலி விட்டதும் திறந்து, திரும்பிப் பார்த்தார். நல்லரத்தினமும் கைகூப்பி நின்றார். இவரைவிடக் கூடுதல் பக்தியோடு.

"பகிடி பண்ணுறான், பாரு," என்று பல்லைக் கடித்தார்.

இரண்டு பெரிய மனிதர்கள் தினமும் கும்பிட்டால் மரம் எத்தனை நாளைக்கு வெறும் மரமாக இருக்கும்? முதலில் அடியில் ஒரு கல் வந்தது. பிறகு கல்லுக்கு மஞ்சள் வந்தது. பிறகு வெள்ளிக்கிழமைகளில் கற்பூரத்தோடு பெண்கள் வந்தார்கள். விதானையாருக்கு நிற்க இருந்த ஒரே இடமும் சனத்தால் நிறைந்துபோயிற்று.

நிற்காமலே நடக்க ஒரு வழி பார்த்தார். சின்னத்தங்கத்தின் பழைய சீலை ஒன்றை எடுத்துக் கெண்டைக்காலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு புறப்பட்டார். துறையடிச் சென்றியில் சோதித்த ஆமிக்காரனின் கை அந்தப் புடைப்பில் வந்து நின்றது.

"மொகத மே?"

என்ன இது என்று கேட்கிறான். அந்த நாட்களில் சாரத்துக்குள் காலில் ஒன்றைச் சுற்றிக்கொண்டு சென்றிக்குப் போகிற ஆள் ஒன்றில் பைத்தியம், அல்லது வேறு. துவக்கின் குழல் இவர் பக்கம் திரும்பியது. விதானையார் அவசர அவசரமாக அவிழ்க்கத் தொடங்கினார். சீலை அவிழ அவிழ வந்துகொண்டேயிருந்தது. முதலில் கரை வந்தது, பிறகு பூ வந்தது, கடைசியில் முந்தானை வந்தது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தால் என்ன வருமோ என்று சிரிப்பை விழுங்கினார்கள். ஆமிக்காரன் மட்டும் தாராளமாகச் சிரித்துவிட்டு, "போ, போ," என்றான்.

தோணியில் நல்லரத்தினம் பக்கத்தில் வந்து இருந்தார். "என்னத்துக்கு விதானையார் கட்டு?"

"பழைய ஆக்களின்ட முறை. கட்டிக்கொண்டு நடந்தா கால் உறுதியா நிக்கும்."

அடுத்த நாள் நல்லரத்தினத்தின் சாரத்துக்குள்ளும் ஒரு புடைப்பு தெரிந்தது. சென்றியில் அவரும் அவிழ்த்துக் காட்டினார். ஊர் பார்க்க இப்படி ஒருவன் பகிடி பண்ணினால் எந்த மனிதனுக்குத்தான் பொறுக்கும்? விதானையார் அன்று சோறு தின்னவில்லை. கட்டும் உதவவில்லை, இறுக்க இறுக்க வலி இன்னும் கிட்டவே வந்து பிடித்தது.

கடைசி வழியாகத் தவிட்டு ஒத்தடம் பிடித்தார். சின்னத்தங்கம் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துத் தவிட்டை வறுத்து, துணியில் முடிந்து, கெண்டைக்காலில் தொடங்கிப் பாதம் வரை வைத்தார். சூடு உறைக்கவில்லை. இன்னும் வறுத்து வைத்தார். அப்போதும் உறைக்கவில்லை. தவிட்டில் கள்ளம் என்று நினைத்தார். மறுநாள் பெருவிரலடியில் ஒரு கொப்புளம் இருந்தது. அது உடைந்து புண்ணானது. புண் நாட்கணக்கில் அப்படியே இருந்தது.

சாரத்தை இழுத்து இழுத்து அவர் காலை மூடுவதைச் சின்னத்தங்கம் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு மத்தியானம் எண்ணெய்ச் சிரட்டையோடு வந்து குந்தி, இரண்டு காலையும் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்தாள். வைத்தவள் ஒரு காலையும் மற்றக் காலையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தாள்.

"இஞ்சாருங்க. ஒரு கால் அடுப்படியில இருந்து வந்த மாதிரிக் கிடக்கு. மத்தக் கால் ஆத்துக்குள்ள இருந்து வந்த மாதிரிக் கிடக்கு. இதென்ன?"

"வாதம். வயசு போனா வாறதுதான்."

"வயசு ரெண்டு காலுக்கும்தானே போகுது? இடது கால் உங்களுக்குப் பொறகு பிறந்ததா?"

விதானையார் காலை இழுக்கப் பார்த்தார். அவள் விடவில்லை.

"இந்தக் காலில மயிரெல்லாம் கொட்டிப் போய்க் கிடக்கு. நகம் தடிச்சுப் போய்க் கிடக்கு. புண் ஆறவே இல்ல. நடந்தா நோகுதா?"

"கொஞ்சம்."

"நிண்டா?"

"விட்டிடும்."

"அப்ப புஸ்பத்தின்ட வக்கடை..." என்று தொடங்கியவள், எல்லாம் விளங்கி, வாயில் கையை வைத்தாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை. "நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறம்."

"கூட்டம் முடியட்டும் சின்னத்தங்கம். இப்ப போனா, விதானையாருக்குக் கால் இல்ல எண்டு நல்லரத்தினம் ஊர் முழுக்கச் சொல்லித் திரிவான். இத்தனை வருசம் காப்பாத்தின பேர்."

அவர் கண் கலங்கியதை அவள் முன்பு கண்டதில்லை. மனம் இளகினாள். ஆனாலும் சின்னத்தங்கம் சின்னத்தங்கம்தான்.

"சரி. கூட்டம் முடிஞ்ச அடுத்த நாள் முதல் பஸ். மாட்டன் எண்டா நானே அடுத்த கூட்டத்துக்கு வந்து காலைக் காட்டுவன். வயல் என்ட பேரில, எனக்குக் கதைக்க உரிமை இருக்கு!"

கூட்டத்துக்கு முதல் நாள் விதானையார் ஒரு வைராக்கியம் எடுத்தார். இன்றைக்கு உயிர் போனாலும் நிற்பதில்லை, நல்லரத்தினம் பார்க்கட்டும். குளக்கட்டால் நடந்தார். மருத மரம் வந்தது. கால் கத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டு மரத்தைத் தாண்டினார். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"விதானையார்! மரத்தைக் கும்பிடாமப் போறீங்களே! நில்லுங்க, சாமிக் குத்தம் வந்திடும்!"

நல்லரத்தினத்தின் குரலில் அழுகை இருந்தது போலப் பட்டது. நடிப்பதிலும் கெட்டிக்காரன் என்று நினைத்தார். ஆனால் நின்றார். நிற்கக் கிடைத்த சாக்கை யார் விடுவார்?

படுவான்கரைப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். நடுவில் மேசை போட்டு அதிகாரி இருந்தார். வட்டை முழுவதும் வாங்குப் பலகைகளில் நெருக்கிக்கொண்டு இருந்தது. கணக்கு வழக்குகள் முடிந்து, "விதானை தெரிவுக்கு முதல் ஆரும் ஏதும் சொல்ல இருக்கா?" என்று அதிகாரி கேட்டதுதான் தாமதம், புஸ்பம் எழும்பினாள். விதானையார் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கு இருக்கு ஐயா. இந்த மனுசன் இந்தப் போகம் முழுக்க என்ட வயலடியில நிண்டு நிண்டு என்னை ஏசினவர். கோபத்தில நான் வக்கடையைக் கட்டினன். வாய்க்காலத் துப்பரவாக்கினன். வரம்பக் கொழுக்க வச்சன். இனி என்னத்தைச் சொல்லி ஏசுவார் பாப்பம் எண்டு வேலை செய்தன்."

"சரி, முறைப்பாடு என்ன?"

"முறைப்பாடா? என்ட வயல் விளைஞ்ச விளைச்சலை இவங்க எல்லாரும் பாத்தவங்கதானே! என்ட அப்பா காலத்திலயும் அப்பிடி விளையல்ல. இந்த மனுசன்தான் விதானை. வேற ஆரையும் போட்டா நான் ஒத்துக்கொள்ளமாட்டன்!"

விதானையாரின் தலை மெல்ல நிமிர்ந்தது.

கதிர்காமத்தம்பி தொண்டையைச் செருமினார். "என்ட மதகுப் பலகையும் உக்கித்தான் இருந்திச்சு. எனக்கே தெரியாது. எனக்கு முன்னால நிண்டு சொல்ல இந்த ஊர்ல வேற ஆருக்கு நெஞ்சு இருக்கு?"

பின் வாங்கிலிருந்து ஒருவர் எழும்பிக் கத்தினார்: "எங்கட வயலடியில ஒரு நாள்கூட நிக்கல்லையே விதானையார்! நாங்க என்ன பாவம் செய்தம்? வாற போகம் எங்களையும் வந்து ஏசோணும்!"

"எங்களையும்!" என்று இன்னும் நாலைந்து குரல்கள் கேட்டன.

அதிகாரி கையை உயர்த்தினார். "வேற ஆரும் விதானைக்குக் கேக்கிறீங்களா?"

நல்லரத்தினம் எழும்பினார். கூட்டம் அடங்கியது. அவர் வாயைத் திறக்க, கூரைக்கு மேலே ஆமி ஹெலிகொப்டர் ஒன்று வந்தது. அத்தனை பேரும் அசையாமல் கூரையைப் பார்த்தபடி இருந்தார்கள். நல்லரத்தினம் திறந்த வாயோடு நின்றார். விதானையாருக்கோ குண்டு விழுந்தாலும் பரவாயில்லை, இவன் சொல்லப்போவது விழாமல் இருந்தால் போதும் என்றிருந்தது. ஹெலி வாவிப் பக்கம் போய்த் தேய்ந்தது.

"நான் கேக்க எழும்பல்ல," என்றார் நல்லரத்தினம். "விதானையாரே இருக்கட்டும். இந்த மனுசன் நடக்கிற மாதிரி வேற ஒருத்தராலயும் நடக்க ஏலா. போகம் முழுக்கப் பின்னால நடந்து பாத்துத்தான் சொல்லுறன்."

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு பள்ளிக்கூடம் இடிந்து விழுகிற மாதிரிக் கைதட்டினார்கள். விதானையார் எழும்பிக் கும்பிட்டார். அன்றைக்குத் துறைக்குத் திரும்பி நடந்தபோது நாலு இடத்தில் நின்றார். நாலு இடத்திலும் அந்தந்த வயற்காரர் ஓடிவந்து, "என்ன பிழை, சொல்லுங்க," என்று வாய் நிறையச் சிரிப்போடு கேட்டார்கள். அவரும் மனம் நிறைய ஏசினார். வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் அவருக்கு வாய்த்ததில்லை.

வீட்டு வாசலில் சின்னத்தங்கம் நின்றாள். "வெண்டிட்டீங்களாம். நல்லம். நாளைக்கு முதல் பஸ்."

மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில் இருந்தது ஒரு இளவயது டொக்டர் அம்மா. வாதம் என்று இவர் தொடங்கியதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாதத்தின் மேல் விரலை வைத்து நாடி தேடினாள். கணுக்காலுக்குப் பின்னால் தேடினாள். இடது காலில் கிடைத்தது வலது காலில் கிடைக்கவில்லை.

"நடந்தா ஒரே தூரத்தில நோகும், நிண்டா விடும். அப்பிடித்தானே ஐயா? சுருட்டுக் குடிக்கிறதா?"

"நிக்கிற இடமெல்லாம்," என்றாள் சின்னத்தங்கம்.

"இது வாதம் இல்ல. காலுக்கு இரத்தம் கொண்டுபோற குழாய் ஒடுங்கிப் போயிட்டுது."

விதானையாருக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கியது. "தலைவாய்க்கால் தூர்ந்து போய், கடைசி வயலுக்குத் தண்ணி போகல்ல!"

"அதேதான்! இனி இறுக்கிக் கட்டவும் வேணாம், ஒத்தடமும் வேணாம். சூடே தெரியாமச் சுட்டிருக்கிறீங்க. வயசு எண்டு இன்னும் கொஞ்ச நாள் வீட்டில இருந்திருந்தா இந்த விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும். நல்ல நேரம் கூட்டிக்கொண்டு வந்தீங்க அம்மா."

சின்னத்தங்கம் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் சாகும்வரை மறக்கப்போவதில்லை.

"சுருட்டை இண்டையோட விடோணும். மருந்து தாறன், புண்ணுக்கு மருந்து கட்டுவம். புண் ஆறினாப் பொறகு இந்தக் காலுக்கு நல்ல வைத்தியம் நடைதான். நோகும் வரைக்கும் நடக்கோணும், நிக்கோணும், விட்டதும் திரும்ப நடக்கோணும். ஒவ்வொரு நாளும்."

"அதைத்தானே டொக்டர் இவர் ஒரு போகம் முழுக்கச் செய்தவர்!" என்று சின்னத்தங்கம் சிரித்துவிட்டாள்.

விதானையார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார். கால் பிழைத்தது. பதவி பிழைத்தது. இனி நிற்பதற்கு யாரிடமும் சாட்டுச் சொல்லவும் வேண்டியதில்லை. டொக்டர் சொல்லி நிற்கிறார். நல்லரத்தினம் ஏன் விட்டுக்கொடுத்தான் என்பது மட்டும்தான் இன்னும் விளங்கவில்லை. பயந்திருப்பான் என்று முடிவு செய்தார்.

மருந்து கட்டுகிற அறையில் அருளப்பு என்ற அற்றென்டன் காலைத் தூக்கி வைத்துப் புண்ணைத் துடைத்தார்.

"ஐயா எந்த ஊர்?"

"குருக்கள்மடம். படுவான்கரையில வட்டை விதானை," என்றார், ஒவ்வொரு சொல்லையும் அனுபவித்து.

அருளப்புவின் கை நின்றது. முகம் மலர்ந்தது.

"அந்த விதானையார் நீங்கதானா? போன மாசம் உங்கட வட்டையில நல்லரத்தினம் எண்டு ஒருத்தர் இதே கால் நோவோட வந்தவர் ஐயா. நிண்டு நிண்டு நடக்கச் சொல்லி டொக்டர் சொல்ல, அந்த மனுசன் கண் கலங்கிச் சொல்லுறார், 'அதுக்குப் பயமில்ல டொக்டர், எங்கட விதானையார் தங்கமான ஆள், எனக்குக் கால் ஏலா எண்டு தெரிஞ்சு, எனக்கு நோகிற இடத்திலயெல்லாம் அவர்தான் எனக்காக நிண்டு தாறவர்' எண்டு!"